கேட்காமலே செய்பவருக்குக் கேட்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கேள்வி: எனக்கு 43 வயது. அலுவலகத்தில் எட்டுப் பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். வீட்டில் கணவர், பள்ளி இறுதி ஆண்டு படிக்கும் மகள், மாமியார். யாருக்கும் எதிலும் குறை வைத்தவள் இல்லை நான். தம்பிக்கு வேலை போனபோது அவன் வாய்திறந்து கேட்பதற்கு முன்பே ஆறு மாதம் வீட்டு வாடகை கட்டினேன். சமீபத்தில் எனக்குக் கர்ப்பப்பை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்தது, வயிற்றைத் திறந்து செய்தது. தம்பி இரண்டு தடவை போன் பண்ணினான், அவ்வளவுதான். கணவர் "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். சொன்னால்தான் செய்வார் என்றால் அந்த உதவி எனக்கெதற்கு? மூன்றாவது வாரமே வீட்டிலிருந்து அலுவலக வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு அறிக்கையில் இரண்டு எண்கள் இடம் மாறிவிட்டன. மேலதிகாரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என்னால்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. போன வாரம் மகள், "உனக்கு எது செஞ்சாலும் பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தோழிகளோ "யார்கிட்டயும் எதையும் எதிர்பார்க்காதே, நிம்மதியா இருப்பே" என்கிறார்கள். அது எப்படி முடியும்? நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் அதிகம் எதிர்பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை நடந்து படுத்திருக்கும் ஒருவருக்கு, கூடப்பிறந்தவன் நேரில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றுவதும், வீட்டுக்காரர் தானாக எழுந்து ஒரு வேலையைச் செய்ய மாட்டாரா என்று தோன்றுவதும் மிதமிஞ்சிய ஆசையே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. "கேட்டேன், செய்யவில்லை" என்று ஒரு இடத்தில்கூட நீங்கள் எழுதவில்லை. தம்பியிடம் வரச் சொல்லிக் கேட்கவில்லை, கணவரிடம் இன்னது செய்யுங்கள் என்று கேட்கவில்லை, அலுவலகத்தில் இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று கேட்டதாகவும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய எதிர்பார்ப்புகள் எல்லாம் உங்கள் மனதுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே காத்திருந்து, அங்கேயே ஏமாந்திருக்கின்றன.

தோழிகள் சொன்ன யோசனை நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், இருந்தாலும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றே சொல்வேன். எதிர்பார்ப்பே இல்லாமல் நான்கு பேர் ஒரு வீட்டில் ஒரு நாள்கூட வாழ முடியாது. மாமியாரின் மாத்திரையை யாரோ நினைவு வைத்திருப்பார்கள், மகள் வெளியே போனால் சொன்ன நேரத்துக்கு வருவாள், மாதக் கடைசியில் வாடகையோ கடன் தவணையோ கட்டப்பட்டிருக்கும் என்பதெல்லாம் எதிர்பார்ப்புதானே. "நான் யார்கிட்டயும் எதையும் எதிர்பார்க்கிறதில்லை" என்று சொல்லிக்கொண்டு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பலர், கொஞ்ச நேரம் பேசவிட்டால், பத்து வருடம் முன்பு யார் எந்த விசேஷத்துக்கு வரவில்லை என்பதுவரை தேதியோடு சொல்வார்கள். எதிர்பார்ப்பு அவர்களை விட்டுப் போகவில்லை, அதைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் அது இன்னும் கெட்டியாகிவிட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். அடுத்தவர்கள் மேல் வருத்தம், உங்கள் மேலேயே கோபம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. "நல்லவர்கள் என்றால் கேட்பதற்கு முன்பே செய்வார்கள்" என்று எப்போதோ ஒரு விதியை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சிறு வயதில் யாராவது பாராட்டியிருக்கலாம், வீட்டின் மூத்த பெண் என்பதால் தலையில் விழுந்திருக்கலாம், எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியாது. அந்த விதிப்படி நீங்கள் வாழ்கிறீர்கள், தம்பி வாய்திறப்பதற்கு முன்பே வாடகை போய்விடுகிறது. அதே விதியால் மற்றவர்களையும் அளக்கிறீர்கள். அதனால்தான் கணவர் "சொல்லு" என்றதும் அது உதவியாகக் காதில் விழாமல், இவருக்கு என் மேல் அக்கறை இல்லை என்பதற்கு ஆதாரமாக விழுகிறது. நீங்களாகக் கேட்டு வாங்கினால் அது செல்லாது, கேட்டதுமே தோற்றுவிட்டதாக ஒரு நினைப்பு. இந்த விதி இருக்கும்வரை உங்களுக்கு உதவ யாராலும் முடியாது. நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது, சொல்லிச் செய்தால் உங்களுக்குப் பிடிக்காது, அப்புறம் அந்த மனிதர் என்னதான் செய்வார்?

"இத்தனை வருஷம் கூட இருக்கிறவருக்கு என் முகத்தைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா" என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. இதைப் பற்றி 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி செய்த ஒரு எளிய சோதனை உண்டு. எல்லோருக்கும் தெரிந்த பாடல்களில் ஒன்றை எடுத்து, வாயால் பாடாமல், அதன் தாளத்தை மட்டும் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்களிடம் கேட்டபோது பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார்கள். 120 பாடல்கள் தட்டப்பட்டன, கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவருக்கு மனதுக்குள் மெட்டு, வார்த்தை, வாத்தியம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எதிரில் இருப்பவருக்கு இதுகூடவா தெரியவில்லை என்று அவருக்கு ஆச்சரியம். எதிரில் இருப்பவர் காதில் விழுவதோ வெறும் டொக் டொக்.

நீங்கள் பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைக்கிறீர்கள், பெருமூச்சு விடுகிறீர்கள், "பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்" என்று ஒரு குரலில் சொல்கிறீர்கள். அந்தக் குரலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் காதில் விழுந்தது "நானே பார்த்துக்கிறேன்" என்பது மட்டும், அவர் அதை அப்படியே நம்பிவிட்டார். சில ஆண்களுக்கு அப்படி நம்பிக்கொள்வது வசதியாகவும் இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏனென்றால் கணவர் விஷயத்தில் உங்கள் எரிச்சலில் முழு நியாயம் ஒன்று இருக்கிறது. "வேணும்னா சொல்லு" என்பது பாதி உதவி. என்ன தீர்ந்துபோயிருக்கிறது, எது எப்போது செய்ய வேண்டும், யாரிடம் நினைவூட்ட வேண்டும் என்று கவனித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வேலைதான், பெரிய வேலை. கட்டளைக்காகக் காத்திருக்கும் மனிதர் அந்த வேலையை உங்கள் தலையிலேயே விட்டுவிட்டுக் கையை மட்டும் கடன் கொடுக்கிறார். அதனால் அவரிடம் சின்னச் சின்ன வேலைகளாகச் சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்கு அலுப்புதான் மிஞ்சும். ஒரு பொறுப்பை முழுசாகத் தூக்கிக் கொடுங்கள். உதாரணமாக மாமியாரின் மருந்து. இனி அது அவருடையது. எது காலை, எது இரவு என்று தெரிந்துகொள்வது, டப்பாவில் வாரத்துக்கு எடுத்து வைப்பது, நாலு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே வாங்கி வைப்பது, மருத்துவரிடம் அடுத்த தேதி என்றைக்கு என்று பார்ப்பது, எல்லாம் அவர்தான். "அத்தையோட மருந்து இனிமே முழுக்க உங்க பொறுப்பு. எனக்குச் சந்தேகம் வந்தா உங்களைக் கேப்பேன், நான் ஞாபகப்படுத்த மாட்டேன்." இவ்வளவு தெளிவாகச் சொல்லுங்கள், கோபமாக இருக்கும் நேரத்தில் சொல்லாமல் சாதாரணமான ஒரு நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

இதில் உங்களுக்குத்தான் கஷ்டமான பகுதி இருக்கிறது. அவர் டப்பாவை வேறு அலமாரியில் வைப்பார். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைப்பதை அவர் திங்கட்கிழமை காலை அவசரமாக எடுத்து வைப்பார். பார்த்ததும் உங்கள் கை பரபரக்கும். அங்கேதான் நீங்கள் யோசிக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை தவறிப்போனால் அது முக்கியம், சத்தமாகவே சொல்லலாம். எந்த அலமாரி, எந்தக் கிழமை என்பது உங்கள் பழக்கம், அவ்வளவுதான். பழக்கத்தையும் அவசியத்தையும் பிரித்துப் பார்க்காமல் நீங்கள் போய் ஒருமுறை திருத்தி வைத்துவிட்டால், அந்தப் பொறுப்பு திரும்ப உங்களிடமே வந்துவிடும், அவரும் "எப்படிச் செஞ்சாலும் அவளே மாத்தி வைப்பா" என்று விட்டுவிடுவார். உங்கள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதும் கிட்டத்தட்ட இதையேதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் இன்னொன்று. வீட்டில் யார் எவ்வளவு செய்கிறார்கள் என்று உட்கார்ந்து பேசும்போது உங்கள் கணக்கும் அவர் கணக்கும் ஒத்துப்போகாது, அதற்குத் தயாராக இருங்கள். மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டில் இன்னின்ன வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலான வேலைகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமையைத் தாண்டிப் போனது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்குச் சட்டென்று நினைவுக்கு வரும், நாம் பக்கத்தில் இல்லாதபோது மற்றவர் செய்தது வராது. உங்கள் வீட்டில் நிஜமாகவே நீங்கள்தான் அதிகம் செய்கிறீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது, அதனால் இதைச் சொல்லி உங்கள் வாயை அடைக்க வரவில்லை. அவர் "நானும்தான் செய்றேன்" என்று ஆரம்பித்தால் உடனே கொதித்துப்போக வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். யார் அதிகம் என்று நிரூபிக்கும் வழக்கில் இறங்கினால் அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. இனிமேல் எது யாருடையது என்பதை மட்டும் பேசி முடியுங்கள்.

தம்பி விஷயம்தான் உங்களை அதிகம் வலிக்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். வாடகையைப் பற்றி எழுதிய அடுத்த வரியிலேயே அறுவை சிகிச்சை வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நீங்கள். மனதுக்குள் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது, அதில் அவன் பெயரில் ஒரு வரவு எழுதி வைத்திருக்கிறீர்கள், அவனுக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. அக்கா கொடுத்தாள், அன்பாகக் கொடுத்தாள் என்று அவன் நினைத்திருப்பான். நீங்களும் கொடுத்த அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருப்பீர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்காமல் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்டு வாங்கியவனுக்கு எவ்வளவு, எதற்கு, திருப்பித் தர வேண்டுமா என்று பேசத் தோன்றும். கேட்காமல் கையில் வந்ததற்கு எந்தப் பேச்சும் கிடையாது, அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை இருவரும் அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்கிறோம்.

அவனிடம் பேசுங்கள். வாடகையை இழுக்காமல் பேசுங்கள், அதை எடுத்தால் உங்கள் வருத்தம் மறைந்து கடன் மட்டும் தெரியும். "டேய், ஆபரேஷன் சமயத்துல நீ வந்து ஒரு நாளாவது கூட இருப்பேன்னு நினைச்சிட்டு இருந்தேன். நான் வாயைத் திறந்து கேக்கல, அது என் தப்புதான். ஆனா நீ வராதது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு." இவ்வளவு போதும். இதில் குற்றப்பத்திரிகை எதுவும் இல்லை, என்ன எதிர்பார்த்தீர்கள் என்பதும் என்ன வலித்தது என்பதும் மட்டும் இருக்கிறது. அவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்கலாம், "நீ நல்லா இருக்கேன்னுதானே சொன்னே" என்று சண்டைக்கு வரலாம், நிஜமாகவே நீங்கள் போனில் "நல்லா இருக்கேன், நீ அலையாதே" என்று சொல்லியிருந்தீர்களா என்றும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நிறையப் பேர் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெளிவாகச் சொல்லியும், ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டும் ஒருவர் வரவில்லை என்றால் அது வேறு. அப்போது அந்த மனிதரைப் பற்றி உங்களுக்கு ஒரு தகவல் கிடைத்திருக்கிறது. சிலருக்கு நோயாளி பக்கத்தில் உட்காரவே வராது, ஆனால் பத்திரம், வங்கி என்று எதுவானாலும் லீவு போட்டு ஓடி வருவார்கள். சிலர் சிரித்துப் பேச நல்ல துணை, கஷ்டத்தில் காணாமல் போவார்கள். பாசம் இருந்தால் எல்லாமும் செய்வான் என்ற கணக்கை விட்டுவிட்டு, இத்தனை வருடத்தில் இவன் என்ன செய்து காட்டியிருக்கிறான் என்று பார்த்து அதற்கேற்ப எதிர்பார்ப்பதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு. இதில் வருத்தம் இருக்கும். நாம் நினைத்த தம்பி வேறு, இருக்கும் தம்பி வேறு என்று தெரியும்போது அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதற்கு அவகாசம் கொடுங்கள். அவனைத் தண்டிப்பதற்காகப் பேச்சை நிறுத்துவதும், இனி எதற்கும் உதவ மாட்டேன் என்று சபதம் எடுப்பதும் மட்டும் வேண்டாம். அடுத்தமுறை யாருக்காவது பெரிதாக ஏதாவது செய்யப் போகும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இது திரும்பி வரவே வராவிட்டாலும் செய்ததற்காக நான் சந்தோஷப்படுவேனா? ஆம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தயக்கம் வந்தால் குறைத்துச் செய்யுங்கள், அல்லது கடன் என்று சொல்லியே கொடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. குறைத்துக்கொள்ளக் கூடாத எதிர்பார்ப்புகளும் உண்டு. அடிக்காமல் இருப்பது, கேவலமாகப் பேசாமல் இருப்பது, உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுப்பது, உடம்பு முடியாதபோது விடுப்பு தருவது, இதெல்லாம் உரிமை. இவை கிடைக்காத இடத்தில் "நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனோ" என்று யோசிப்பது தவறான இடத்தில் யோசிப்பது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

இப்போது உங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் நடப்பதைப் பார்ப்போம், எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தால் முழுவதும் தேறப் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். வெளிக்காயம் சீக்கிரம் ஆறியதுபோல் தெரியும், உள்ளே ஆற நேரம் எடுக்கும், அந்த நாட்களில் சோர்வும் கவனக்குறைவும் வருவது இயல்பு. நீங்கள் மூன்றாவது வாரம் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதுவும் வழக்கமான வேகத்தில், வழக்கமான துல்லியத்தில் வேலை செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு. இரண்டு எண்கள் இடம் மாறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உங்கள் குழுவில் ஒரு பெண் இதே அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம் வந்து இதே தவறைச் செய்திருந்தால், "நீ ஏம்மா இவ்வளவு சீக்கிரம் வந்தே" என்றுதான் கேட்டிருப்பீர்கள்.

நம்முடைய நல்ல நாளை வைத்துத்தான் நம்மிடம் நாம் எதிர்பார்க்கிறோம். இது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் மூவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் என்று கேட்டதற்குச் சராசரியாக 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை பாருங்கள். இந்தத் தப்புக்கு டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன பரிகாரமும் எளிது: இந்த வேலை எப்படிப் போகும் என்று கற்பனை செய்யாதே, இதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு நாள் எடுத்தன என்று பார். உங்களுக்கு இதை இப்படிச் சொல்கிறேன். நாளை என்னென்ன செய்ய வேண்டும் என்று இரவு பட்டியல் போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். போன வாரப் பட்டியலை எடுங்கள், ஒரு நாளில் நிஜமாக எத்தனை முடிந்தது என்று எண்ணுங்கள். ஏழு முடிந்திருந்தால் நாளைக்கு ஏழு. உடம்பு தேறும்வரை அதிலும் பாதி. பட்டியலில் பதினைந்து எழுதி ஏழு முடித்தால் அந்த ஏழும் உங்கள் கண்ணில் படாது, மிச்சம் எட்டோடுதான் படுக்கப் போவீர்கள்.

"என்னை நானே விட்டுக்கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவேனே" என்ற பயம் உங்களைப் போன்றவர்களுக்குக் கட்டாயம் இருக்கும். திட்டித் திட்டித்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று நம்புகிறார்கள். ஜூலியானா ப்ரைன்ஸும் செரீனா சென்னும் 2012-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றில் மாணவர்கள் திணறிய பிறகு, ஒரு பிரிவினரிடம், இது பலருக்கும் கஷ்டம்தான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்ற ரீதியில் பேசினார்கள். அப்புறம் அடுத்த தேர்வுக்குப் படிக்க நேரம் கொடுத்தபோது, மற்ற பிரிவினரைவிட அந்தப் பிரிவினர்தான் அதிக நேரம் படித்தார்கள். யோசித்துப் பார்த்தால் இது நடைமுறைக்குப் பொருந்துகிறது. தன்னைத் திட்டிக்கொண்டிருப்பவருக்குத் தவறைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருக்கும், இரவெல்லாம் விழித்திருந்தும் நீங்கள் யோசித்தது அந்த இரண்டு எண்களைப் பற்றியா, உங்களைப் பற்றியா? எண்களைப் பற்றி யோசித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்: அனுப்புவதற்கு முன் இன்னொருவர் ஒருமுறை சரிபார்க்கட்டும், அவ்வளவுதான் தீர்வு. எட்டுப் பேர் இருக்கிறார்களே.

மகள் சொன்னதைச் சண்டையில் விழுந்த வார்த்தை என்று தள்ளிவிடாதீர்கள். பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் இருவரும் 1991-ல் குறையே கூடாது என்ற மனப்போக்கை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்: தன்னிடமே அப்படி எதிர்பார்ப்பது, மற்றவரிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் அப்படி எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மூன்றாவதுதான் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் மிக நெருங்கியது. தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை சேர்ந்த தரவுகளைப் பார்த்ததில், மூன்றுமே கூடியிருந்தன, அதிலும் அந்த மூன்றாவதுதான் அதிகமாக, 33 சதவீதம் கூடியிருந்தது. உங்கள் மகள் சொன்னது அந்த மூன்றாவதைத்தான். நீங்கள் அவளை ஒரு வார்த்தை சொல்லாமல்கூட இருந்திருக்கலாம். அறிக்கையில் இரண்டு எண்கள் தப்பானதற்கு அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்கிறாள். அம்மாவுக்கே அம்மா பத்தவில்லை என்றால் நான் எப்படிப் பத்துவேன் என்று அந்த வயதில் தோன்றத்தானே செய்யும்.

அவளிடம் விளக்கம் சொல்லப் போகாதீர்கள், "உன் நல்லதுக்குத்தான்" என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள். "நீ அன்னிக்குச் சொன்னதை யோசிச்சிட்டே இருக்கேன். எப்பெல்லாம் உனக்கு அப்படித் தோணுது?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் சொல்வதில் பாதி உங்களுக்கு அநியாயமாகப் படும், திருத்த வேண்டாம். அவள் சொல்லும் ஒன்றையாவது அந்த வாரமே மாற்றிக் காட்டுங்கள். மதிப்பெண் காட்டும்போது எங்கே போச்சு என்று முதலில் கேட்கிறீர்கள் என்று சொன்னால், அடுத்தமுறை அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். இறுதி ஆண்டு என்பதால் அவளிடமிருந்து ஒன்றுமே எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அவள் கையில் இருப்பதாக இருக்க வேண்டும். தினமும் இத்தனை மணி நேரம் படிப்பது அவள் கையில் இருக்கிறது. இத்தனையாவது இடம் வருவது அவள் கையில் மட்டும் இல்லை.

கடைசியாகத் தூக்கம். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் தூக்கம் போனது என்று எழுதியிருக்கிறீர்கள், அது முழுக்க மனசு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சட்டென்று குறைந்துவிடும், உடம்பு திடீரென்று சூடாவது, இரவில் வியர்ப்பது, தூக்கம் கலைவது, காரணமில்லாமல் எரிச்சலும் அழுகையும் வருவது எல்லாம் அதனால் வரலாம், அதற்கு மருத்துவம் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் அடுத்தமுறை போகும்போது சினைப்பைகளை எடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தூக்கம் எத்தனை நாளாக இல்லை என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தே இருந்தாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்து முடிக்கக் கிளம்பிவிடுவீர்கள் என்று உங்கள் எழுத்தைப் பார்த்தால் தோன்றுகிறது, அதனால் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் அலுவலகத்தில் பேசி, எட்டு வாரம் முடியும்வரை வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்கு அது ஒன்று போதும். அடுத்த வாரம் மருந்துப் பொறுப்பைக் கணவரிடம் கொடுங்கள். மகளிடம் பேசுவது அவள் கதவைத் திறந்து வெளியே வந்து சாதாரணமாக இருக்கும் ஏதாவது ஒரு நேரத்தில். தம்பியிடம் பேசுவது, உடம்பில் வலி குறைந்து, ஒரு இரவாவது நன்றாகத் தூங்கிய பிறகு. அவன் என்ன பதில் சொன்னான் என்று முடிந்தால் எழுதுங்கள். பதில் நாம் நினைத்த மாதிரி இல்லாவிட்டால் அதற்கு மேல் என்ன செய்வது என்று அப்போது பேசுவோம்.